கிரிவலம் போன ரீல்

இது நடந்தது சித்ரா பௌர்ணமி அன்று என்று எங்கள் வீட்டில் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். நான் மட்டும் பங்குனிப் பௌர்ணமி என்பேன். என் பக்கம் ஆதாரங்கள் இருக்கின்றன. எனக்கு ஆறாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு அப்போது முடிந்திருக்கவில்லை. சமூக அறிவியல் பாக்கி இருந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு அம்மா வெள்ளரிப்பிஞ்சு நறுக்கி வைத்தாள். மாம்பழம் வந்துவிட்டிருந்தால் அதைத்தான் வைத்திருப்பாள். எல்லாவற்றையும் விட வலுவான ஆதாரம் ஒரு மொபெட். சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தில் அது மாட்டியிருந்தால் அன்றைக்குள் தியேட்டருக்கு வந்து சேர்ந்திருக்கவே முடியாது. அது வந்து சேர்ந்தது. தாமதமாக வந்தது, அவ்வளவுதான். என் அத்தையின் கல்யாணப் பேச்சு அந்தத் தாமதத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது.

காலத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. வீட்டில் அப்பாவிடம் மட்டும் கைபேசி இருந்தது. அதில் பேச முடியும், பாம்பு விளையாட்டு விளையாட முடியும், வேறொன்றும் முடியாது. தியேட்டரில் படம் இன்னும் தகரப் பெட்டியில் சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. டிஜிட்டல் வந்து அந்தப் பெட்டிகளை ஒழித்துக்கட்டியது அதற்குப் பிறகுதான்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா இறந்ததிலிருந்து அவளுக்கு வரன் பார்க்கும் பொறுப்பு அப்பாவுடையது. மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் அத்தை வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய், மருந்து அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அதனால் அத்தை எத்தனை பேரிடம் திட்டு வாங்கினாள் என்பதற்கு நான் சாட்சி. டாக்டர்களின் கையெழுத்து புரியாவிட்டால் அவள் மருந்தை எடுக்க மாட்டாள். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு போனை எடுத்து, "டாக்டர், இது அஞ்சா, அம்பதா?" என்று கேட்பாள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் சத்தம் எனக்கே கேட்கும். இந்தப் பக்கம் வரிசையில் நிற்பவர்கள், "இன்னாம்மா, படிக்கத் தெரியாதவங்களை எல்லாம் கடையில வெச்சிருக்காங்க" என்பார்கள். அத்தை முகம் மாறாமல், "புரியலங்க, கேட்டுட்டுத் தர்றேன்" என்பாள். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். புரியவில்லை என்பதை இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டுமா என்று தலையைக் குனிந்துகொள்வேன்.

எங்கள் ஊரில் பெண் பார்க்கும் படலங்கள் பாதிக்கு மேல் பௌர்ணமியில்தான் நடக்கும். இதை நான் ஏதோ ஆராய்ச்சியாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் கிரிவலத்துக்கு எப்படியும் வருகிறார்கள். வந்த கையோடு பெண்ணையும் பார்த்துவிடலாம். பெண் பிடித்திருந்தால் அண்ணாமலையார் செயல், பிடிக்காவிட்டால் கிரிவலம் வந்த கணக்கில் போகட்டும், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆரணியிலிருந்து அந்த மாப்பிள்ளை வீட்டாரும் இப்படித்தான் வந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் நடக்கத் தொடங்குவது என்று திட்டம். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வெள்ளைச் சட்டை, நல்ல உயரம், சிரித்த முகம். அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் காதில் சொன்னாள்: "மாமான்னு வாய் தவறிக்கூட கூப்பிடாத, இன்னும் எதுவும் முடிவாகல. அதுக்குன்னு அண்ணான்னும் கூப்பிட்டுத் தொலைக்காத." இரண்டும் கூடாதென்றால் மூன்றாவதாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே அவரைக் கடைசிவரை நான் எதுவுமே கூப்பிடவில்லை. கூப்பிடாமலே எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

பிடித்ததற்குக் காரணம், அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிற்று. அந்த நாட்களில் அது போகாமல் இருந்தால்தான் அதிசயம். மாப்பிள்ளை விசிறியால் விசிறிக்கொண்டே, மின்சாரம் ஏன் போகிறது, துணைமின் நிலையத்தில் என்ன நடக்கிறது, லோடு என்றால் என்ன என்று விளக்கினார். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். அவர் குறுக்கே எதுவும் பேசாமல், ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கை கழுவும்போது அம்மாவிடம், "நல்லா பேசறாரு பையன்" என்றார். அத்தை அப்போது பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் கவனிக்கவில்லை. இன்று கவனித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

சினிமாவுக்குப் போகலாம் என்று சொன்னது மாப்பிள்ளையின் அம்மா. "சாயங்காலம் வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கணும்? புள்ளைங்க ரெண்டும் போய் ஒரு படம் பாத்துட்டு வரட்டுமே. பேசிக்கினாத்தானே தெரியும்." அப்பா கொஞ்சம் யோசித்தார். அம்மா யோசிக்கவில்லை, என் தலையைச் சீவி, பவுடர் போட்டு, துணைக்கு அனுப்பிவிட்டாள். "என்ன பேசறாங்கன்னு வந்து சொல்லணும்" என்பது எனக்கு இட்ட கட்டளை.

படம் ஏற்கனவே ஊரில் பேச்சாகியிருந்தது. தலையைச் சுற்றுகிற படம், திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் விளங்கும் என்று சுவரொட்டியிலேயே போட்டிருந்தார்கள். கதை இதுதான். ஒரு மலை ஊருக்குக் கதாநாயகன் வருகிறான், காணாமல் போன ஒருவனைத் தேடி. கையில் இருப்பது ஒரு புகைப்படம் மட்டும். அதிலும் முகம் தெரியாமல் கிழிந்திருக்கும். மீசை வைத்த நண்பன் ஒருவன் தேடுவதற்கு உதவுகிறான். கடைசியில் அந்த நண்பன் மழையில் சுடப்பட்டுச் சாகிறான். காணாமல் போனவன் வேறு யாருமில்லை, கதாநாயகனேதான் என்று தெரிகிறது. விபத்தில் நினைவு தப்பிப்போனதால் தன்னையே தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

இப்படி எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அன்று எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. இடைவேளை வரை ஏதோ போயிற்று. இடைவேளை முடிந்து விளக்கணைந்ததும், முறுக்கு தின்னப் போன நேரத்தில் ஊரே மாறிவிட்டது போல இருந்தது. கதாநாயகன் நெற்றியில் திடீரென்று கட்டு. யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. யாரோ ஒரு பெண் அழுதாள். அவள் யாரென்று தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவன், "யோவ் ஆபரேட்டரு, தூங்கிட்டியா?" என்று கத்தினான். நண்பன் செத்தான், உண்மை தெரிந்தது, 'வணக்கம்' என்று எழுத்து விழுந்தது. எல்லோரும் எழுந்து சட்டையை உதறிக்கொண்டார்கள்.

அப்போது திரை மறுபடியும் வெளிச்சமானது. செத்துப்போன நண்பன் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கதாநாயகன், நெற்றியில் கட்டு இல்லாமல். இருவரும் டீ குடித்தார்கள். "தேடுறதை விட்டுடு" என்றான் நண்பன். எழுந்தவர்கள் நின்றபடியே பார்த்தார்கள். பிறகு கதாநாயகனை யாரோ கட்டையால் மண்டையில் அடிக்க, அவன் விழ, ஒரு பெண் ஓடிவர, அந்தரத்தில் படம் நின்று விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு விழுந்த கைதட்டலை நான் அதற்கு முன்போ பின்போ அந்தத் தியேட்டரில் கேட்டதில்லை.

வெளியே வந்தால் வீதி முழுக்க ஜனம். பௌர்ணமி திதி மதியமே பிறந்துவிட்டதால் வெயிலைப் பார்க்காமல் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை விளக்கினார்.

"கடைசி சீன்தான் படத்தோட உயிரே. ஃப்ரெண்டுன்னு ஒருத்தன் கிடையவே கிடையாது. அவன் இவனோட மனசாட்சி. மனசாட்சியை சுட்டா சாகுமா? அதான் திரும்பி வந்து டீ குடிக்கிறான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டால் சமூக அறிவியலைக்கூடச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அத்தை கேட்டாள்: "மனசாட்சின்னா, டீக்கடைக்காரரு ஏன் ரெண்டு கிளாஸ் வெச்சாரு?"

"அங்கதாங்க இருக்குது விஷயம்" என்றார் அவர்.

விஷயம் அங்கே எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் எனக்குத் திருப்தியாகிவிட்டது. அத்தையும் சிரித்தாள். வீடு வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் அம்மாவிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அம்மா, "மனசாட்சியைப் பத்தியா பேசினாங்க? நல்ல விஷயம்தான்" என்று அப்பாவைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கிரிவலம் முடித்து மறுநாள் காலையில் ஊருக்குப் போகும்போதே சொல்லிவிட்டார்கள். அத்தை வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பா கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேண்ணா."

"பையனையா?"

"படத்தை. அவரு கூடவே."

"படத்துக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"ஒரு தடவையில ஒண்ணும் புரியலண்ணா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "விடுங்களேன், இதும் ஒரு சாக்குதான்" என்று கண்ணைக் காட்டினாள். அந்தச் சாக்கு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் படம் இன்னொரு தடவை கிடைத்ததே போதும்.

இதற்குள் ஊரில் படத்தைப் பற்றி ஒரு தகராறு கிளம்பிவிட்டது. பௌர்ணமியன்று பார்த்தவர்கள், செத்தவன் எழுந்து வந்து டீ குடிப்பதில்தான் படம் முடிகிறது என்றார்கள். மறுநாள் பார்த்தவர்கள் அப்படி எதுவுமில்லை என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்க வந்த இருவர் இதற்காகக் கைகலப்பு வரை போனதை நானே பார்த்தேன். யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்காகவே ஜனம் மறுபடியும் போயிற்று. ஒரு வாரத்தில் தூக்க வேண்டிய படம் நின்று ஓடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அதே மதியக் காட்சி, நடுவில் நான். இடைவேளையில் அவர் போன் பேச வெளியே போக, நானும் அத்தையும் கேன்டீனுக்குப் போனோம். கேன்டீன்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"பௌர்ணமிக்கு வந்திருந்தீங்க இல்ல? மறுபடியுமா?"

"கடைசி சீன் புரியல" என்றேன் நான்.

அவர் சமோசா எடுக்கும் இடுக்கியை வைத்துவிட்டுச் சிரித்தார். "புரியாது பாப்பா. எடுத்தவனே வந்து பாத்திருந்தாலும் புரிஞ்சிருக்காது. பெட்டி ஒண்ணுதான், ஓடறது ரெண்டு தியேட்டர்ல. செங்கம் ரோட்டாண்ட இருக்கிற தியேட்டர்ல ஒரு ரீல் ஓடி முடிஞ்சதும் மொபெட்ல வெச்சு இங்க எடுத்துக்கினு வருவாங்க. அன்னிக்கு இன்டர்வெல் முடிஞ்சு போட வேண்டிய ரீலை எடுத்துக்கினு வந்தவன் கிரிவலக் கூட்டத்துல மாட்டிக்கினான். எதிர்ல வரக் கூடாதுன்னு போலீஸ்காரரு மடக்கிட்டாரு."

"திரும்பிப் போக வேண்டியதுதானே?" என்றாள் அத்தை.

"திரும்பிப் போய்? ரோடு ஒண்ணுதானே. 'நீயும் சுத்திக்கினு வா'ன்னு ஜனத்தோட ஜனமா தள்ளி வுட்டுட்டாரு. ரீலு அடி அண்ணாமலை வழியா முழுசா மலையைச் சுத்திக்கினு வந்துச்சு. பின்னாடி வந்தவன் உஷாரு, சந்து சந்தா பூந்து மத்த ரீலுங்களைக் கொண்டாந்துட்டான். ஆபரேட்டரு இன்னா பண்ணுவாரு? கைக்கு வந்ததை ஓட்டினாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் இவன் வேர்த்து வழிஞ்சிக்கினு வந்து நிக்கிறான். காசு குடுத்து வந்தவங்களுக்கு ஒரு ரீலைக் கம்மி பண்ணா பாவம்னு அதையும் போட்டுட்டாரு." சமோசாவைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "இந்த ஊர்லயே புண்ணியம் ஜாஸ்தி சேத்த ரீலு அதுதான்."

அத்தை சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு என்னவோ ஏமாற்றமாக இருந்தது. மனசாட்சி, சுட்டால் சாகாதது, திரும்பி வந்து டீ குடித்தது, எல்லாம் ஒரு மொபெட்டா?

இடைவேளைக்குப் பிறகு டீக்கடைக் காட்சி முதலில் வந்தது. அதற்குரிய இடத்தில் அது சாதாரணமாக இருந்தது. நண்பன் டீ குடித்தான், எச்சரித்தான், கதாநாயகன் அடி வாங்கினான், நெற்றியில் கட்டு வந்தது. கடைசியில் நண்பன் செத்தான், செத்தபடியே இருந்தான்.

வெளியே வந்ததும் அத்தை மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டாள்.

"போன வாரம் கடைசியில வந்த டீக்கடை சீன், இன்னிக்கு நடுவுல வந்துடுச்சே?"

அவர் நடையை நிறுத்தினார். அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தில், என் வகுப்பில் கரும்பலகைக்கு முன் நிற்பவர்களின் முகத்தில் வருவது போன்ற ஒன்று வந்தது. வந்து போய்விட்டது.

"ஆமா" என்றார். "ரெண்டு விதமா எடிட் பண்ணி அனுப்பியிருக்காங்க. வெளிநாட்டுல எல்லாம் இப்ப இப்படித்தான். எப்படிப் பாத்தாலும் அர்த்தம் ஒண்ணுதான். நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

"தியேட்டர்ல ரீலை மாத்திப் போட்டிருப்பாங்களோ?"

"சேச்சே. அப்படி இருந்தா எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்."

மொபெட்டைப் பற்றிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள். பஸ் ஏதும் வருகிறதோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். தெரு காலியாக இருந்தது.

"எனக்கு இன்னும் சரியா புரியலங்க" என்றாள் அத்தை. "இன்னொரு தடவை சேர்ந்து பாக்கலாமா?"

அவர் கோபப்படவில்லை. இன்றும் அவரைப் பற்றி என்னால் ஒரு தப்பு வார்த்தை சொல்ல முடியாது. அன்பாகச் சிரித்தார். "உங்களுக்கு வேணும்னா வர்றேன். எனக்கு எதையும் ஒரு தடவை பாத்தாலே பிடிபட்டுடும்."

எனக்கு ஒரு பெரிய சாக்லேட் வாங்கிக்கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு. ஆரணியிலிருந்து அப்பாவுக்குப் போன் மேல் போன். வைகாசியில் முகூர்த்தம் பார்த்துவிடலாமா என்று கேட்டார்கள். அப்பா அத்தையிடம் இரண்டொரு நாளில் முடிவு சொல்லச் சொன்னார். ஏற்கனவே வந்த வரன்களை அத்தை தட்டிக்கழித்திருந்தாள். இதுவும் போனால் அடுத்தது எப்போது வருமோ என்று அப்பா பயந்தார். அம்மா நேராகவே சொன்னாள், "இந்தப் பையனை வேணாம்னு சொன்னா ஊர்ல நம்மளைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க."

படம் கடைசி நாள் என்று சுவரொட்டியில் சின்னத் தாள் ஒட்டியிருந்தார்கள். அத்தை மெடிக்கல் ஷாப்பில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது முறையாகப் போனாள்.

"எதுக்கு அத்தை? நமக்குத்தான் இப்ப எல்லாம் தெரியுமே."

"நான் தப்பா பாத்துட்டேனான்னு பாக்கணும்" என்றாள்.

தியேட்டரில் ஆட்களே இல்லை. மின்விசிறிகளின் சத்தம் வசனத்துக்கு மேல் கேட்டது. கதை தெரிந்துவிட்டதால் நான் கதையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தேன்: சுவரில் இருந்த காலண்டர், கடைப் பலகைகள், ஆட்கள் போட்டிருந்த செருப்பு. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. முதல் காட்சியில் வருகிற கிழிந்த புகைப்படத்தில் முகம் இல்லை, ஆனால் கை இருக்கிறது. வலது கையில் வாட்ச். புகைப்படத்தைப் பிடித்திருக்கும் கதாநாயகனின் கையிலும் வாட்ச். அதுவும் வலது கையில்.

"அத்தை, வாட்சைப் பாரு! அவனேதான்!"

அத்தை முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

"ஆமாண்டி" என்றாள் பிறகு. "மொத சீன்லயே காட்டிட்டாங்க. அப்பவே கண்ணு முன்னாடி இருந்திருக்கு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை மாப்பிள்ளையிடம் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அத்தை படத்தைப் பார்த்தாளா என்பது சந்தேகம். டீக்கடைக் காட்சியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். மழைக் காட்சியில், நண்பன் செத்தபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு முறை அழாதவள் மூன்றாவது முறை எதற்கு அழுதாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் சொன்னாள்.

"வேணாண்ணா."

அப்பா தினசரியை மடித்து வைத்தார். "என்ன குறை அந்தப் பையன்கிட்ட?"

"ஒரு குறையும் இல்லண்ணா."

"குடியா, சிகரெட்டா? உன்கிட்ட ஏதாவது தப்பா பேசினாரா?"

"இல்லண்ணா. தங்கமான மனுஷன்."

"அப்புறம் இன்னாதான்மா உனக்கு?"

அத்தை அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். "அவருக்கு எல்லாம் புரிஞ்சிடுதுண்ணா" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார், ஏதோ எனக்குத் தெரியும் என்பது போல. எனக்கு என்ன தெரியும்? எல்லாம் புரிகிற ஒருவரை, எல்லாம் புரிகிறது என்பதற்காக ஒருத்தி வேண்டாம் என்கிறாள். கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவனை வகுப்பை விட்டுத் துரத்துவது போல இருந்தது. அன்று இரவு நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அத்தை வந்து எழுப்பியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா உறவுக்காரர்களிடம் எல்லாம், சினிமாவுக்கு அனுப்பியதால் சம்பந்தம் கெட்டது என்று சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் தியேட்டர் வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவானது. அத்தை வழக்கம்போல மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள், டாக்டர்களுக்குப் போன் செய்தாள், திட்டு வாங்கினாள். அடுத்த கார்த்திகை தீபம் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. வரன்கள் குறைந்தன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் மலையைச் சுற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அத்தையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள்.

நான் எட்டாவது முடித்திருந்தபோது போளூரிலிருந்து ஒருவர் வந்தார். இது சித்ரா பௌர்ணமிதான். இந்த முறை மாம்பழம் இருந்தது. எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கொஞ்சம் குட்டை, முன்தலையில் முடி கம்மி. அவருடைய அண்ணனும் அப்பாவும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அத்தையும் சமையலறையில். கூடத்தில் அவரும் நானும் மட்டும். மின்சாரம் இல்லை. என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் மேலே நின்றுபோயிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று மின்சாரம் வந்தது. அணைக்காமல் விட்டிருந்த டிவி தானாக உயிர்பெற்றது. ஓடிக்கொண்டிருந்தது அந்தப் படம். மழையில் நண்பன் செத்துக் கிடக்க, கதாநாயகன் யாரென்று தெரிகிற இடம்.

இந்த வீட்டில் அந்தப் படத்தின் பெயரையே எடுக்கக் கூடாது. ஓடிப்போய் அணைப்பதற்குள் அவர் முன்னால் சாய்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"யாரு பாப்பா இவரு?"

"இவருதான் மாமா ஹீரோ" என்றேன். மாமா என்று வாய் தவறிவிட்டதை நாக்கைக் கடித்துக்கொண்ட பிறகுதான் உணர்ந்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இவரு யாரைத் தேடறாரு?"

"தன்னைத்தானே."

"அப்ப அந்த செத்துப்போனவரு?"

நான் விளக்கினேன். நினைவு தப்பியது, புகைப்படம், வலது கை வாட்ச், எல்லாம். மூன்று முறை பார்த்த எனக்கு அந்தப் படத்தில் தெரியாதது எதுவும் இருக்கவில்லை. அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். முடித்ததும் தலையைச் சொறிந்தார்.

"எனக்குச் சுத்தமா புரியல பாப்பா" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல், வாசல்வரை கேட்கிற குரலில். "மொதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லேன்."

எனக்கு அவர்மேல் பரிதாபமாகிவிட்டது. இவ்வளவு மந்தமான ஆளா? எல்லாம் தெரிந்த பெங்களூர்க்காரரையே வேண்டாம் என்றவள் இவரை எங்கே ஒப்புக்கொள்ளப் போகிறாள்? நிமிர்ந்து பார்த்தால், சமையலறை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள், கையில் மாம்பழத் துண்டுகள் வைத்த தட்டோடு. அவளை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. டிவி சத்தத்தில் அவர் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அத்தை தட்டை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, உள்ளே போகாமல், டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லு, நானும் கேக்கறேன்" என்றாள் என்னிடம்.

அன்று சாயங்காலம் அவர்கள் போன பிறகு, அவர் என்ன பேசினார் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். ஒன்றுமே பேசவில்லை என்று சாதித்துவிட்டேன். அவருக்குப் படம் புரியவில்லை என்பதை மட்டும் அத்தையிடம் சொல்லிவிடக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அத்தை அப்பாவிடம் சரி என்றாள். நான் வாயைக் கட்டியதால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது என்று கல்லூரிக்குப் போகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.